சான்ட் குகாட்டில் காணாமல் போனவர்

ஓய்வு பெற்ற மறு வருடம், பார்சிலோனாவில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்குக் குன்னூரிலிருந்து நானும் மனைவியும் போயிருந்தோம். ஒரு நாள் மகள் வேலைக்குக் கிளம்பியதும், பக்கத்தில் உள்ள சான்ட் குகாட் என்ற ஊருக்கு இருவரும் ரயில் ஏறினோம். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே அந்தப் பக்கம் போனால் மிகப் பழைய மடாலயம். அதைச் சுற்றிப் பணக்கார வீடுகள். குந்தாவில் மின்திட்ட அலுவலகத்தில் விதிமுறைகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு இதெல்லாம் ஒரு பயணமா என்று நினைப்பு.

ஊர் வந்தது. நான் இறங்கினேன், மனைவி இறங்கவில்லை. எங்கள் மலை ரயில் குன்னூரில் எஞ்சின் மாற்ற வெகுநேரம் நிற்கும். டீ குடித்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு மெதுவாக இறங்கலாம். அந்த நிதானத்தில் அவள் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்தி ரயில் போய்விட்டது. அவளிடம் போன் இல்லை. தமிழும் கொஞ்சம் படுக பாஷையும்தான் தெரியும்.

காணவில்லை என்று புகார் தருவதற்கான ஒழுங்குமுறை எனக்கு அத்துப்படி. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெரியவரிடம் பெயர், வயது, புடவை நிறம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கழுத்தைச் சுற்றித் தாலி கட்டுவதாகச் சைகை செய்தேன். மனிதர் பயந்துவிட்டார். மோதிர விரலைத் தொட்டுப் போன ரயிலைக் காட்டியதும்தான் விளங்கியது. என் முழங்கையைப் பிடித்து, திரும்பி வரும் ரயில் நிற்கும் எதிர் நடைமேடைக்கு அழைத்துப்போனார். இதற்குள் அவர் ஏற வேண்டிய ரயில் வந்து போயிற்று. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஒரு ரயில் வந்தது. அவள் இல்லை. பெரியவர் ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை என் கையில் வைத்தார். அடுத்த ரயிலில் அவள் இறங்கினாள், வெள்ளைத் தலை அம்மாள் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு.

"ஏனுங்க, எங்கீங்க காணாமப் போயிட்டீங்க? இந்தக்கா இல்லீன்னா உங்களை எப்படீங்க கண்டுபிடிக்கறது?"

காணாமல் போனது நான்தான் என்பது இன்றுவரை அவள் கட்சி. அடுத்த நிலையத்தில் அந்த அம்மாளிடம் தமிழிலேயே விவரம் சொன்னாளாம். அவரும் அவர் பாஷையில் பதில் சொன்னாராம். என்ன புரிந்தது என்று கேட்டேன். "எல்லாந்தானுங்க" என்றாள்.

பிறகு நால்வருமாக மடாலயம் போனோம். முற்றத்தைச் சுற்றிலும் தூண்கள். ஒன்றில் இருந்த சிற்பம் இன்னொன்றில் இல்லை. நான்தான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. அவள் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது குன்னூர் பஸ் நிலையத்தில் வெளியூர்க்காரர் யாராவது விழித்துக்கொண்டு நின்றால், வழி சொன்னதோடு நகர முடிவதில்லை; என் பஸ் போனாலும் போகட்டும் என்று, அவர் ஏறி உட்காரும் வரை நிற்கிறேன்.