புளியில் கழுவிய கோதுகள்

இத்தாலியில், பலெர்மோ நகரில் நான் வேலை செய்த வீட்டில், சுட்டு முடித்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பழக்கூடையில் வைத்திருப்பார்கள். சாப்பாட்டு மேசை நடுவே, சியாகுல்லி மந்தரினோப் பழங்களுக்குப் பக்கத்தில். யாழ்ப்பாணத்தில் வீதியோரம் கிடக்கும் கோதைக் காலால் தட்டவும் பயந்தவர்கள் நாங்கள். சோதனைச் சாவடியில் சட்டைப் பையில் ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு வீடு திரும்புவது நிச்சயமில்லை. இங்கேயோ வீட்டுக்காரர், ஊரெல்லாம் அவ்வோகாத்தோ என்று மரியாதையாக அழைக்கும் வழக்கறிஞர், அவற்றை என் கையில் தந்து துடைக்கச் சொன்னார். அவருக்குக் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் பைத்தியம். சுடும்போது பித்தளைக் கோது அவருடைய துவக்கின் உள்வடிவத்துக்கு ஊதிவிடும். அதன் கழுத்தை மட்டும் இரும்பு அச்சொன்றில் அழுத்திச் சிறிதாக்கி, மருந்தும் சன்னமும் புதிதாக இட்டு மறுபடியும் சுடுவார். அப்படிப்பட்ட கோது பிறகு அவர் துவக்குக்கு மட்டும்தான் அளவு.

வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தால் போதும் என்றுதான் சொன்னார். நான்தான் நல்ல பெயர் எடுக்கப் போனேன். பித்தளை என்றால் புளிதானே நமக்கு. குத்துவிளக்குத் துலக்குவது போல, கோதுகளைப் புளிக்கரைசலில் ஒரு பகல் முழுக்க ஊறவைத்து, சின்னத் தூரிகையால் கழுத்தின் உட்புறத்தையும் தேய்த்தேன். பொன்னாக மின்னின. அவ்வோகாத்தோ என் தோளைத் தட்டினார். அந்த வாரமே ஆரம்பித்தது கரைச்சல். அச்சிலிருந்து கோதை வெளியே இழுக்கும்போது நெம்புகோல் கிறீச்சிட்டது. கழுத்து இழுபட்டு நீண்டது. சில கோதுகள் துவக்குக்குள் இறுகின. அச்சைக் கழற்றிப் பூட்டினார், திருகினார், வெளிப்புறம் எண்ணெய் பூசினார். இரண்டு மூன்று சுலபமாகப் போனதும் தீர்ந்துவிட்டதென்று நம்பிக்கொண்டார்.

எனக்கு இரண்டாம் நாளே பிடிபட்டது. சுன்னாகத்தில் லேத் பட்டறையில் எட்டு வருடம் நின்றவன் நான். அச்சின் நடுவே கோதின் கழுத்துக்குள் போய்வரும் இரும்புக் குமிழ் ஒன்று உண்டு; கழுத்தின் உள்ளே படிந்திருந்த மெல்லிய கரிதான் அது வழுக்கி வர உதவியது. அதை நான் புளிபோட்டுக் கழுவிவிட்டேன். பென்சில் கரித்தூளை உள்ளே கொஞ்சம் தடவினால் சரியாகிவிடும். சொல்லியும் இருப்பேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை நண்பர்கள் வந்திருந்தபோது, நான் கோப்பி வைத்துக்கொண்டிருக்க, அவர் என்னைக் காட்டிச் சிரித்தபடி சொன்னார்: "இவர்களுடைய நாட்டில் ஆட்களுக்குச் சுடத்தான் தெரியும். இதையெல்லாம் விளங்கிக்கொள்ளத் தலை வேண்டும்." எனக்கு அவ்வளவு இத்தாலியன் விளங்காதென்று நினைத்தார். என் தம்பி சூடுபட்டுச் செத்தவன் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய மனைவி சின்யோராவிடம் நான் சொன்னபோது அவரும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்துக்கு என்ன விலை என்றும் எனக்குத் தெரியும். மனைவி வசந்தியைக் கூப்பிடுவதற்கான பத்திரத்தில் முதலாளியின் கையெழுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் போட்டி நல்லபடி முடிந்தால் திங்கள் காலையே போடுகிறேன் என்றிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அவள் தொலைபேசியில் கேட்டாள்.

"உங்கடை முதலாளி கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"திங்கள் வைப்பார்."

"இஞ்சை நிலமை சரியில்லையப்பா. பாதை பூட்டப் போறாங்களெண்டு கதைக்கினம். கெதியாச் செய்யுங்கோ."

"ஓம், பாப்பம்," என்றேன். அப்போதும் பென்சில் என் பையில்தான் இருந்தது.

போட்டியில் நாலாவது வெடிக்கே கோது பாதியில் இறுகிவிட்டதாம். உள்ளங்கையால் அடித்திருக்கிறார். நண்பர்கள் சிரித்திருக்கிறார்கள், நேரம் போயிருக்கிறது. திங்கள் காலை மேசையில் ஒரு கோதை வைத்து, எதில் கழுவினாய் என்று கேட்டார். "தமரிந்தோ," என்று வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னேன். புளி அவர்களுக்குக் கோடையில் தண்ணீர் கலந்து குடிக்கும் இனிப்புப் பாகு. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து முகம் கறுத்து நின்றார். அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தேன். கையெழுத்திடாத பத்திரத்தை என் பக்கம் தள்ளி, இனி வரவேண்டாம் என்றார். போகும்போது கோதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்து ஊரான பகேரியாவில் வேலைக்கு வேறு வீடு கிடைத்து, அந்தச் சின்யோரா கையெழுத்திடுவதற்குள் ஆவணி வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் ஒரே தரைப்பாதையைப் பூட்டிவிட்டார்கள். வசந்தி கப்பலுக்குப் பதிந்தாள், விமானத்துக்குப் பதிந்தாள், வரிசையில் நின்றாள். பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியில் இருக்கும் என் அறைக்கு வந்துசேர இரண்டரை வருடம் ஆனது. வந்தவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

போன கிழமை என் பழைய காற்சட்டையைத் தோய்க்க எடுத்தவள், பைக்குள்ளிருந்து அந்தக் கோதை எடுத்துப் பார்த்து வெளிறிப்போனாள். ஓடிப்போய் யன்னலைச் சாத்தினாள்.

"உங்களுக்கென்ன விசரோ? செக்கிங் வந்தா என்ன சொல்லுவியள்?"

"இஞ்சை ஆர் வரப்போறாங்கள்?"

அவள் நம்பவில்லை. கோதைப் பழந்துணியில் சுற்றி அரிசி வாளியின் அடியில் புதைத்தாள். எதற்காக அதை வைத்திருந்தேன் என்று நான் சொல்லவில்லை. அவ்வோகாத்தோவின் முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கிறது, அதைச் சொல்லாமல் அவளுடைய இரண்டரை வருடம் எதனால் போனதென்று சொல்ல முடியாது. இப்போது உலை வைக்க அரிசி அள்ளும்போதெல்லாம் அவள் கை அந்த மூலையை விட்டு விலகித்தான் அள்ளுகிறது.