நுரை சாரின் பாதி முகம்

காலையில் குளியலறைக்குச் சண்டை நடக்காத வீடு உண்டா? நுரை சார் வீட்டில் நடக்காது. அவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் மகள் நேரே மாடிவீட்டுக் கதவைத் தட்டிவிடுவாள். அங்கே அவளுக்கென்றே தனியாக ஒரு துண்டு தொங்கும்.

மனிதர் பிழைப்புக்கு லிப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கிறவர். ஆனால் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். வாயைத் திறந்தால் சவரம்தான், அதனால்தான் தெருவில் அவருக்கு 'நுரை சார்' என்றே பேர். பிரஷ்ஷை வெந்நீரில் எப்படி ஊறவைப்பது, சோப்பைக் கிண்ணத்தில் எப்படிக் குழைப்பது, மடக்குக் கத்தியைத் தோல்வாரில் எப்படித் தீட்டுவது என்று ஆரம்பித்தாரானால், கேட்கிறவருக்குத் தாடியே வளர்ந்துவிடும். தீட்டிய கத்தியின் கூர்மையைத் தன் இடது முன்கை ரோமத்தில்தான் சோதித்துப் பார்ப்பார். அதனால் இடது கை வழவழவென்று இருக்கும், வலது கையில் காடு மண்டிக் கிடக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்துபோய்விடுவார்கள்.

தினமும் சவரம் முடிந்ததும் மனைவிக்கு ஒரு பாடம் உண்டு. கன்னத்தைத் தடவிக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"பாரு, கத்தியைக் காய் நறுக்குற மாதிரி பிடிக்கவே கூடாது. மூணு விரல் மேல, சுண்டுவிரல் பின்னால வளைஞ்சிருக்கிற வால்ல. புரியுதா?"

"அப்படிங்களா?" என்பாள் அவள், பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே.

இத்தனைக்கும் அவள் சலூன்காரர் மகள். அவர் காலமான பிறகு தெருமுனையில் இருக்கும் அதே கடையை அவளுடைய தம்பி நடத்துகிறான். வில்லங்கமும் அங்கேதான் வந்தது.

ஒருநாள் முடிவெட்டிக்கொள்ளப் போன நுரை சார், மச்சான் ஒரு டப்பாவைப் புஸ்ஸென்று அழுத்தி, வந்த நுரையை வாடிக்கையாளர் கன்னத்தில் அப்புவதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் பேசாமல் இருக்கலாம் அல்லவா? அதுதான் அவருக்கு வராதே.

"இது என்ன மச்சான், நுரையா? தீயணைக்கிற மருந்தா?"

"கூட்டத்தைப் பாருங்க மாமா. ஒவ்வொருத்தருக்கும் கிண்ணத்துல குழைச்சிட்டிருந்தா எப்படி?"

"உங்க அப்பா பேரையே கெடுத்துட்டியேடா!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சான் முகம் சிவந்துவிட்டது. "என் கடை வாசலை இனிமே மிதிக்காதீங்க. நானும் உங்க வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்" என்றான். சொன்னபடியே மிதிக்கவில்லை. அக்காள் பாடுதான் திண்டாட்டம். தம்பிக்குப் பிடித்ததைச் சமைத்தால் மகளிடம் கொடுத்தனுப்புவாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும், தம்பி வரமாட்டான். பால்கனியில் துணி காயப்போடும் சாக்கில் கடைப்பக்கம் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நுரை சாருக்கு அது தெரியும். தெரிந்தும் வீம்பு. தப்பு தன்மேல்தான் என்று உள்ளுக்குள் குத்தினாலும், வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கௌரவம் என்னாவது?

அப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு காலையில் தன் நுரையிலேயே தான் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டாகிவிட்டது. தாடி முளைத்தது. அரிப்பு உயிரை வாங்கியது. இடது கையால் கத்தியைப் பிடித்துப் பார்த்தார், காதுதான் கிழிந்தது.

"எந்தம்பிகிட்ட போங்க" என்றாள் மனைவி.

"ஏன், ஊர்ல வேற சலூனே இல்லையா?"

"இருக்கு. அவன் கடையைத் தாண்டி இன்னொரு கடைக்குப் போனீங்கன்னா, அத்தோட நமக்குள்ள பேச்சு வார்த்தை கிடையாது."

அந்தக் குரலை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மச்சான் துண்டை உதறினான். நாற்காலியைக் காட்டினான். துண்டைக் கட்டினான். வேண்டுமென்றே அந்த டப்பாவை அவர் கண்ணெதிரே குலுக்கிப் புஸ்ஸென்று அடித்தான். நுரை சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வலது கன்னம் வழவழவென்று ஆனது. கை என்னவோ தங்கமான கைதான், ஒரு எரிச்சல் இல்லை. கத்தி தொண்டைக்கு வந்ததும் மச்சான் வாயைத் திறந்தான்.

"அன்னைக்கு எத்தனை பேர் முன்னாடி அப்படிக் கேட்டீங்க மாமா? எங்கப்பா இருந்திருந்தா என்ன நினைச்சிருப்பார்?"

தொண்டையில் கத்தி இருக்கும்போது யார் பதில் சொல்வது? எச்சில் விழுங்கக்கூட அவருக்குப் பயமாக இருந்தது. மச்சான் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டுக் கத்தியை எடுத்தான். "நான் அப்பா பேரைக் கெடுக்கலைன்னு சொல்லுங்க. மறுபாதி அப்புறம்."

சொல்லித் தொலைத்திருக்கலாம். வீம்பு விடுமா? துண்டோடு எழுந்து விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். வலதுபக்கம் மாப்பிள்ளை, இடதுபக்கம் சாமியார். தெருவே திரும்பிப் பார்த்தது.

கதவைத் திறந்த மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். நடந்ததைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று. "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உங்க வாய் வலிக்குதா?" என்றாள். குளியலறைக்குப் போய்ச் சோப்புக் கிண்ணம், பிரஷ், கத்தி எல்லாவற்றையும் எடுத்து வந்தாள்.

"உட்காருங்க. மறுபாதியை நானே எடுத்துவிடறேன்."

"நீயா?"

மூக்கிலும் கண்ணிலுமாக நுரையை அப்பினாள். கத்தியைச் சரியாகக் காய் நறுக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு, "இதுல எந்தப் பக்கங்க வெட்டும்?" என்றாள்.

நுரை சார் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஐயோ, வேணாம்! உன் தம்பியைக் கூப்பிடு!"

"நீங்களே கூப்பிடுங்க."

இடது கையால் போனை எடுத்தார். "மச்சான், நீ உங்க அப்பா பேரைக் கெடுக்கலைடா. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோ. உடனே வீட்டுக்கு வா, உங்க அக்கா கையில கத்தி இருக்கு!"

மச்சான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தான். வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றான். "வாடா உள்ள" என்றாள் அக்காள். அவன் உள்ளே வந்து, அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி, மாமாவின் சோப்பையே மறுபடி குழைத்து மறுபாதியை முடித்தான்.

"சோப்பு நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா இதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க? அக்காவே பண்ணிவிட்டிருக்குமே."

"உங்க அக்காவா?"

"பின்னே? உங்க கல்யாணத்துக்கு முன்னாடி அப்பாவுக்குக் கை உடைஞ்சு கிடந்தப்ப, தினமும் அக்காதானே சவரம் பண்ணிவிட்டுச்சு? என்னை அப்பா கிட்டவே விடமாட்டார். எனக்கே கத்தி பிடிக்கக் கத்துக்கொடுத்தது அக்காதான்."

நுரை சார் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் தம்பியிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டாள். மூன்று விரல் மேலே, சுண்டுவிரல் வாலில். துடைத்துத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்து, பார்க்காமலே மடக்கினாள்.

"அப்போ... காய் நறுக்குற மாதிரி பிடிக்கக் கூடாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் நுரை சார்.

"அப்படிங்களா?" என்று சொல்லிவிட்டு, அவள் தம்பிக்குத் தட்டு வைக்கப் போனாள்.