வாய் திறவாத திக்ர்

ஊரில் யுத்தம் முடிந்த வாரம், புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் நான் நடத்திய தமிழ் வகுப்பு உடையப் பார்த்தது. முஸ்லிம் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்த வகுப்பு. வன்னியில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு தாய் ஃபோன் எடுத்தார்.

"ரீச்சர், மகளை இனி அனுப்பமாட்டன். உங்கட ஆக்கள் சந்தோசப்படுகினமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முஸ்லிம்களான எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து உடுத்த துணியோடு விரட்டிய இயக்கத்தில்தான் அந்தத் தம்பியும் இருந்தான். என் வாப்பா புத்தளத்து அகதி முகாமில் மௌத்தானபோது எந்தத் தமிழ்ச் சனம் துக்கம் விசாரித்தது? வராவிட்டால் போகட்டும் என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

பக்கத்து அறையில் தாத்தார் மொழி படிப்பிக்கும் ஆசிரியை என் முகத்தைப் பார்த்தே விசயத்தைக் கேட்டார். வோல்கா ஆற்றங்கரைத் துருக்கிய இனத்தவர். அவருடைய பூட்டனார் ஒரு சூஃபி ஷெய்கின், அதாவது ஞானகுருவின், பள்ளிக்கூடத்தில் படித்தவராம். சூஃபி என்றால் எனக்குத் தெரிந்தது தர்காவும் கந்தூரிச் சோறும்தான். அந்த ஷெய்கோ கரும்பலகை வைத்து, தாய்மொழியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பெண்பிள்ளைகளையும் சேர்த்து ஊராரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார். அவர்கள் வழியில் திக்ர், அதாவது இறைவனை நினைப்பது, வாய் திறவாமல் மனதுக்குள். கை மட்டும் சனத்துக்கான வேலையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம்தான் அந்த வேலை. ஆசிரியை தன் வகுப்பையும் அப்படியே தொடங்குவார்: வட்டமாக இருந்து, அவரவர் இறந்தவர்களைப் பேசாமல் நினைப்பது. யாரை என்று ஒருவரும் கேட்பதில்லை.

"கேட்கத் தொடங்கினால் பள்ளியை மூட வேண்டியதுதான்," என்றார்.

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு அந்தத் தாயைக் கூப்பிட்டேன். "தங்கச்சி, ஒருக்கா வந்து சும்மா இருந்திட்டுப் போங்கோ. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

சனிக்கிழமை மகளோடு வந்தார். எல்லோரையும் வட்டமாக இருத்தி, அவரவர் இறந்தவர்களைப் பேசாமல் நினைக்கச் சொன்னேன். "உதென்ன புதுப் பழக்கம்?" என்று எங்கள் முஸ்லிம் பிள்ளை ஒன்றின் தகப்பன் முணுமுணுத்தார். "ஏலாட்டி வெளியில நில்லுங்கோ," என்றேன். அவரும் வட்டத்தில் வந்து இருந்தார்.

தெருவில் பஸ் போவது மட்டும் கேட்டது. நான் வாப்பாவை நினைத்தேன். கண்ணைத் துடைப்பதை அந்தத் தாய் பார்த்துவிட்டார்.

பிள்ளைகள் கொப்பி விரித்ததும் என்னிடம் வந்தார். "கேக்கக் கூடாதெண்டு தெரியும் ரீச்சர். எண்டாலும் கேக்கிறன். உங்களுக்கு ஆர்?"

"வாப்பா," என்றேன். "முகாமில."

அவர் என் கையைப் பிடித்தார். இத்தனை வருசத்தில் அந்தத் துக்கத்தை விசாரித்த முதல் ஆள், இயக்கத்திலிருந்தவனின் அக்காதான்.