யார் வைத்த துரு

புவனேஸ்வரன் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் போனாலும் உட்காருவதற்கு முன் மேசையின் அடியைக் குனிந்து பார்ப்பான். கால் சட்டத்தோடு சேரும் மூலையில் விரலை ஓட்டுவான். வெல்டிங் ஒழுங்காக இருந்தால் முகம் கொஞ்சம் இளகும். மேலாகப் பூசி மெழுகியிருந்தால், "எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்று முணுமுணுத்தபடி உட்காருவான். கல்யாண மண்டபத்திலும் இதே கூத்துதான். மனைவி பிரமிளா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பாள்.

அவனுக்கு இது பிறவிக் குணம் இல்லை. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள நிபோங் திபாலில் வளர்ந்து, பள்ளி முடிந்ததும் பிறை என்ற ஊரில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வெல்டராகச் சேர்ந்தவன். அங்கே பக்கத்தில் நின்று வேலை பார்த்த கோகுலனோடு கூட்டுச் சேர்ந்து புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பட்டறை போட்டான். நன்றாகத்தான் போனது. ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் பாதி மெஷின்கள் இல்லை. இரண்டு தெரு தள்ளி கோகுலன் தன் பெயரில் தனியாகப் பலகை மாட்டியிருந்தான். வாடிக்கையாளர்களும் அவனோடு போய்விட்டார்கள்.

அதன் பிறகு புவனேஸ்வரன் பாலம் கடந்து தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கு வந்தான். ஜெலுத்தோங்கில், ஆற்றோரம் வரிசையாக நிற்கும் பட்டறைகளில் கடைசியாக இருந்ததை வாடகைக்கு எடுத்தான். இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்ய அந்த வரிசையிலேயே ஆறேழு பேர் இருந்தார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சுத்தமாகச் செய்ய ஆள் குறைவு. அதைப் பிடித்துக்கொண்டான்.

ஆர்கான் வாயு வைத்துச் செய்யும் அந்த வெல்டிங் அவனுக்கு முதலில் படியவில்லை. கப்பல் தளத்தில் கனமான தகட்டோடு மல்லுக்கட்டிய கை, மெல்லிய குழாயில் வைத்ததும் ஓட்டை போட்டது. சூட்டைக் குறைத்தால் ஒட்டவில்லை, கூட்டினால் கருகியது. துண்டுக் குழாய்களை ஒட்டி ஒட்டி, ஒவ்வொன்றையும் ரம்பத்தால் இரண்டாக வெட்டி உள்ளே பார்த்தான். வெளியே அழகாக இருந்தது பல தடவை உள்ளே ஒட்டாமல் வாய் பிளந்து நின்றது. அழகாகத் தெரிகிற எதையும் நம்பக் கூடாது என்பது அப்போது இன்னும் ஆழமாகப் பதிந்தது. கடைசியில் கை வசப்பட்டது. அவன் போட்ட கோடு, சில்லறைக் காசைச் சரித்து அடுக்கினது போல ஒரே சீராக ஓடியது. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குச் சமையலறை மேடை செய்தான். தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலோர வீடுகளுக்கு மாடிக் கைப்பிடி செய்தான். ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தார்.

தனியாகச் சமாளிக்க முடியாமல் ஹஸ்ருலை வேலைக்கு வைத்தான். கெடா மாநிலத்திலிருந்து வந்தவன், முப்பதைத் தாண்டியவன், அதிகம் பேசாதவன். இரும்பு வேலை முழுவதும் அவன் கையில். ஸ்டெயின்லெஸ்ஸில் கூட அளந்து வெட்டிப் பொருத்தித் தருவான். ஆனால் கடைசியாகப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலையை மட்டும் புவனேஸ்வரன் யாருக்கும் விடவில்லை. என் பெயர் அதில்தான் இருக்கிறது என்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அமலம்மாள் போன் செய்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சோங் தோக்கோங் வீட்டில் தனியாக இருப்பவர்.

"தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. நீங்க போட்ட கைப்பிடியில டீத்தண்ணி ஊத்துன மாதிரி வடிஞ்சிருக்கு."

"டீச்சர், அது ஸ்டெயின்லெஸ். துரு பிடிக்காது."

"பிடிக்காதுன்னுதான் நீங்களும் சொன்னீங்க. வந்து அதுகிட்டயே சொல்லிட்டுப் போங்க."

போய்ப் பார்த்தான். அவன் போட்ட ஒவ்வொரு இணைப்பின் ஓரத்திலும் பழுப்புப் புள்ளிகள். அங்கிருந்து கீழே வழிந்த கறை. அடுத்த வாரமே லிட்டில் இந்தியாக் கடைக்காரரும் கூப்பிட்டார். அங்கேயும் அதே பழுப்பு, அதே இடத்தில்.

முதல் சந்தேகம் குழாய் விற்றவன் மேல் விழுந்தது. மட்டமான சரக்கை நல்ல சரக்கென்று தள்ளுவது இந்தத் தொழிலில் நடக்காதது அல்ல. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனைத் திரவம் உண்டு. ஒரு சொட்டு விட்டால் மட்டச் சரக்கு சிவந்து போகும். புவனேஸ்வரன் கையிருப்பு முழுவதற்கும் சொட்டு விட்டான். எதுவும் சிவக்கவில்லை. அமலம்மாள் வீட்டுக்கே போய்க் கைப்பிடியிலும் விட்டான். சரக்கு சுத்தமானது.

அப்படியானால் யாரோ ஒருவன் எதையோ ஊற்றுகிறான்.

இந்த எண்ணம் வந்த பிறகு அவன் கண்ணில் படுவதெல்லாம் ஹஸ்ருலாகவே இருந்தது. ஹஸ்ருல் போன் வந்தால் ஆற்றங்கரைப் பக்கம் நடந்துபோய்ப் பேசுகிறான். ஏன்? ஒரு நாள் மதியம் அவன் போன் மேசையில் அதிர்ந்தபோது திரையில் கோகுலன் பெயர் தெரிந்தது. இன்னொரு நாள், ஹஸ்ருலின் கருவிப் பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த புதுக் கம்பி பிரஷ் ஒன்று கிடந்தது. பட்டறைப் பொருளை எதற்கு ஒளித்து வைக்கிறான்? ஒன்றோடு ஒன்று கூட்டிப் பார்த்தான். கணக்கு அழகாக வந்தது.

"கோகுலன்தான் காசு கொடுத்து இவனை உள்ள விட்டிருக்கான்" என்றான் பிரமிளாவிடம்.

"எத்தனை வருசமா கூட இருக்கான். வாய விட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா உஷாராயிடுவான். கையும் களவுமா பிடிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில், தேய்க்கும் மேசைக்கு நேர் மேலே, உத்தரத்தின் மறைவில் ஒரு கேமராவைப் பொருத்தினான். வெளியில் தெரியாது என்று நினைத்தான். கூரைத் தகடு மாற்ற ஏணி போட்ட ஹஸ்ருல் அதைப் புதன்கிழமையே பார்த்துவிட்டான்.

இறங்கி வந்தான். கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தான். இருவரும் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள், அன்றும் அப்படித்தான். அண்ணனைப் 'பாங்' என்பதும் பேச்சை 'லா' என்று முடிப்பதும் அந்த ஊர் வழக்கம்.

"பாங், அது எனக்காக வெச்சதா?"

புவனேஸ்வரனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பட்டறைக்காக" என்றான்.

"பட்டறையில நீங்களும் நானும் மட்டும்தான் லா."

அவ்வளவுதான் பேசினான். பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டான். குற்றம் உள்ளவன்தான் இப்படி ஓடுவான் என்று புவனேஸ்வரன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை நல்ல மழை. பட்டறையில் வேலை ஓடவில்லை. பிரமிளா பாயான் லெப்பாஸில், ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. இரண்டு பேரும் கணினி முன் உட்கார்ந்து, திங்கள் முதல் புதன் வரை கேமராவில் பதிந்த மூன்று நாள் படத்தையும் ஓட்டிப் பார்த்தார்கள். ஹஸ்ருல் ஸ்டெயின்லெஸ் வைத்திருந்த மேசைப் பக்கமே வரவில்லை. வந்ததெல்லாம் புவனேஸ்வரன்தான். இரும்புக் கேட்டின் கசடைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறான். திரும்புகிறான். அதே பிரஷ்ஷால் ஸ்டெயின்லெஸ் கைப்பிடியில் வெல்டிங் சூட்டால் படிந்த கருப்பைத் தேய்க்கிறான்.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால ஓட்டுங்க" என்றாள் பிரமிளா.

ஓட்டினான்.

"ரெண்டுக்கும் ஒரே பிரஷ்ஷா?"

"பிரஷ்தானே. அதுல என்ன இருக்கு?"

"எங்க இடத்துல இரும்பைத் தொட்ட சாமான் அந்த ரூமுக்குள்ளயே வரக் கூடாதுங்க. வந்தா அன்னிக்குச் செஞ்ச மொத்தத்தையும் ஒதுக்கி வெச்சிடுவாங்க. இரும்புத் தூள் அதுமேல ஒட்டிக்கும். ஒட்டுன தூள் துரு பிடிக்கும். பாக்கறவங்களுக்கு ஸ்டெயின்லெஸ்ஸே துரு பிடிச்ச மாதிரிதான் தெரியும்."

புவனேஸ்வரன் அதை நம்பவில்லை. மனைவி ஹஸ்ருலுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. போன ஆண்டு டெங்கிக் காய்ச்சலில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பத்து பிரிங்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு தங்கும் விடுதிக்கான கைப்பிடியை ஹஸ்ருலே முழுதாக முடித்துக் கொடுத்திருந்தான். பிரஷ், பாலிஷ் எல்லாம் அவன்தான். புவனேஸ்வரன் மழையிலேயே காரை எடுத்தான்.

அலைத் திவலை தெறிக்கிற இடம் அது. ஒவ்வொரு இணைப்பாகக் கையால் துடைத்துப் பார்த்தான். ஒரு புள்ளி இல்லை. அந்தப் பிளாஸ்டிக் பையில் இருந்த பிரஷ் எதற்கென்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. எப்போதோ ஹஸ்ருல், "பாங், இது தனியா இருக்கட்டும்" என்று சொன்னதும், தான் கிரைண்டர் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் தலையாட்டியதும் மங்கலாக ஞாபகம் வந்தது. யாரும் எதையும் ஊற்றவில்லை. தன் பெயர் இருப்பதாக நினைத்த அந்தக் கடைசி வேலையில், தானேதான் துருவைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறான்.

மறுநாள் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹஸ்ருலின் வீட்டுக் கதவைத் தட்டினான். ஹஸ்ருலின் மனைவி ஃபாத்தின் உட்காரச் சொன்னாள், சிரிக்கவில்லை. புவனேஸ்வரன் சுற்றி வளைக்காமல், தப்பு தன்னுடையது என்று சொன்னான். திரும்பி வரச் சொன்னான்.

"வர முடியாது பாங்" என்றான் ஹஸ்ருல். "கோகுலன் ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் முடியாதுன்னு சொல்லத்தான் வெளிய போய்ப் பேசுவேன். உங்களுக்குக் கேட்டா சங்கடமா இருக்கும்னு. புதன்கிழமை கூப்பிட்டப்போ சரின்னு சொல்லிட்டேன்."

ஃபாத்தின் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் புவனேஸ்வரன் எழுந்தான்.

பிறகு வேலையை முதலிலிருந்து மாற்றினான். பட்டறையின் நடுவே தரையிலிருந்து கூரை வரை பலகைச் சுவர் எழுப்பினான். ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் ஸ்டெயின்லெஸ். பிரஷ், கிரைண்டர் தட்டு, கையுறை எல்லாமே தனித்தனி. வெல்டிங்கின் கருப்பைத் தேய்த்து எடுக்காமல், அமிலப் பசை பூசிக் கழுவக் கற்றுக்கொண்டான். குழாயின் உட்புறத்திலும் ஆர்கானைச் செலுத்தி, உள்ளே கருகாமல் ஒட்டினான். வெட்டிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

கறை பிடித்த வேலைகளைத் தன் செலவிலேயே திரும்பச் செய்து கொடுத்தான். அமலம்மாள் ஒரு நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவ உங்கள நம்பி உள்ள போய்ச் சமைச்சேன் தம்பி. இந்தத் தடவ பாத்துக்கிட்டே இருக்கப் போறேன்."

"பாருங்க டீச்சர்" என்றான். அவர் சந்தேகம் அவனுக்கு நியாயமாகவே பட்டது. முடித்த பிறகும் ஒரு மழைக்காலம் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அது போனபின், மீன் உருண்டைத் தொழிற்சாலை வைத்திருந்த தன் பழைய மாணவர் ஒருவரை அவரே அவனிடம் அனுப்பினார். உணவுத் தொழிற்சாலை வேலை ஒன்று வந்தால் பத்து வரும். இரும்பு வேலையை அவன் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டான்.

அதற்கிடையில் ஒரு நாள் ஹஸ்ருல் போன் செய்தான். கோகுலனிடம் ஒரு பேக்கரிக்கான ஸ்டெயின்லெஸ் வேலை வந்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்றான்.

"எதுக்கு எனக்குத் தர்றான்? இதுல என்ன வெச்சிருக்கான்?"

"ஒண்ணும் வெக்கல பாங். இங்க யாருக்கும் அது சரியா வரல, அவ்வளவுதான் லா."

இரண்டு நாள் யோசித்து, பேக்கரிக்காரரை நேரில் போய்ப் பார்த்து, இடத்தைத் தானே அளந்த பிறகுதான் ஒத்துக்கொண்டான். அதில் ஒன்றும் இருக்கவில்லை. கோகுலனோடு இன்றுவரை அவன் பேசுவதில்லை. ஹஸ்ருல் மூலம் வேலை வருகிறது, புவனேஸ்வரனும் தன்னிடம் வரும் இரும்பு வேலைகளை அந்தப் பக்கம் அனுப்புகிறான்.

இப்போது பட்டறையில் நான்கு பேர். ஸ்டெயின்லெஸ் பக்கத்தைக் காமினி பார்த்துக்கொள்கிறாள். தொழிற்கல்லூரியில் படித்து, பட்டர்வொர்த்தில் சில ஆண்டு வேலை செய்துவிட்டு வந்தவள். முதல் சில வாரங்கள் புவனேஸ்வரன் அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றான். போன மாதம் தீவின் தெற்கே பத்து மாவுங் என்ற ஊரில் ஓர் இடத்தை அளக்கப் போக வேண்டியிருந்தது. கடைசி மெருகு வேலையையும் சாவியையும் அவளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினான். பாலத்துச் சந்திப்பு வருவதற்குள் போன் செய்துவிட்டான்.

"எந்த பிரஷ் எடுத்த?"

"அண்ணே, நீங்க ஒவ்வொரு தடவ போன் அடிக்கறப்பவும் நான் கையுறைய கழட்டணும் லா. வேலை முடியணுமா, வேணாமா?"

"முடியணும்" என்று சொல்லிப் போனை வைத்தான். பத்து மாவுங்கில் அளவெடுக்க மதியம் தாண்டிவிட்டது. அதுவரை அவன் மறுபடி அவளை அழைக்கவில்லை.