உலாமிலாவுக்கு எதிராக ஒரு வாக்கு

அந்த வாரம் முழுக்க உலாமிலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாலு பே துறைமுகத்தில் கண்டாவு தீவுக்குப் போகிற கப்பலுக்குச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருப்பாள் என்பதே பாதிப் பொய். எழுவாள், கெண்டியைத் தொட்டுப் பார்ப்பாள், கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பாள், வைத்த கையாலேயே நிமிர்த்துவாள். இரண்டு சீட்டுக் கேட்டவருக்கு மூன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவரையே முறைப்பாள்.

விஷயம் இதுதான். இணையத்தில் உலகமே கூடி எழுதுகிற கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதன் நிர்வாகிகளில் ஒருத்தியாக இவளைச் சேர்க்கலாமா கூடாதா என்று வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. சம்பளம் கிடையாது. மாலை மரியாதை கிடையாது. பொய்யான பக்கத்தை நீக்கலாம், சண்டை நடக்கிற பக்கத்தைப் பூட்டலாம், விஷமம் பண்ணுகிறவனை வெளியே நிறுத்தலாம், அவ்வளவுதான் அதிகாரம். அவள் புருஷன் மனாசா பஸ் ஓட்டுகிறவன். அவனுக்கு இது கடைசிவரை பிடிபடவே இல்லை.

"காசில்லாத வேலைக்கு எலெக்‌ஷனா? எங்க யூனியன்ல காசு உள்ள வேலைக்கே ஆள் நிக்க மாட்டேங்கிறான்."

"உனக்குப் புரியாது, விடு."

"புரியலதான். பெருக்கித் துடைக்கிற வேலைக்கு உலகம் பூரா ஓட்டுப் போடுதுன்னா எவனுக்குப் புரியும்?"

அவளுக்கு அது வேண்டியிருந்தது. சும்மா இல்லை, தொண்டை வறளும் அளவுக்கு வேண்டியிருந்தது. காரணம் முந்தின வருஷத்துப் புயல். அவள் பிறந்த கண்டாவு தீவில் தொலைபேசிக் கோபுரங்கள் எல்லாம் சாய்ந்து, ஊருக்கும் இவள் இருக்கிற சுவா நகரத்துக்கும் பேச்சே அற்றுப்போன அன்று, எவனோ ஒரு படுபாவி கலைக்களஞ்சியத்தில் அவள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, "இந்தக் கிராமத்தைக் கடல் கொண்டது, ஒருவரும் பிழைக்கவில்லை" என்று எழுதிவைத்தான். இவள் அழித்தாள். அவன் திரும்ப எழுதினான். அழித்தாள், எழுதினான். பக்கத்தைப் பூட்ட இவளுக்கு அதிகாரம் இல்லை. பூட்டக்கூடியவர்களுக்குச் சேதி அனுப்பினால் அவர்கள் தூங்குகிற தேசத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் சிட்னியிலும் ஆக்லாந்திலும் இருக்கிற சொந்தக்காரர்கள் அதைப் படித்துவிட்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். பிரிஸ்பேனில் அவள் சித்தி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதில் கொடுமை என்னவென்றால், எழுதியது பொய் என்று உலாமிலாவுக்கும் தெரியாது. அவள் அம்மா அந்த ஊரில்தான் இருந்தாள். ஆதாரம் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு அரை நாள் அழித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் படகில் போய்ப் பார்த்தவர்கள் ஊர் கூரை இழந்து நிற்கிறது, ஆள் சேதம் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.

அந்தக் கூத்தையெல்லாம் பிறகு எடுத்துப் பார்த்தவள் ஹெஸ்டர். டுனீடினில் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள், கலைக்களஞ்சியத்தில் பழைய நிர்வாகி. முகம் பார்த்துக்கொண்டதில்லை, தொலைபேசியில்தான் பழக்கம்.

"அன்னிக்கு நீ ஒரு கோப வார்த்தை எழுதல, உலா. என் ஊருன்னு கூடச் சொல்லல. இந்த மாதிரி ஆளு கையில பக்கத்தைப் பூட்டுற சாவி இல்லாட்டி வேற யாரு கையில இருக்கணும்? நான் உன்னை முன்மொழியப் போறேன்."

"வேண்டாம் ஹெஸ்டர். நாலு பேரு முன்னாடி நிக்கவச்சுக் கேள்வி கேட்டா எனக்கு வாய் நீளும்."

"நீளாது. ஒரு வாரம்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

வருஷம் முழுக்க அரித்தெடுத்துக் கடைசியில் சம்மதிக்க வைத்தாள். முன்மொழிவை அவளே எழுதினாள். "இவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குவேன்" என்று முடித்திருந்தாள். அதைப் படித்துவிட்டு உலாமிலா சீட்டு ஜன்னலை மூடிக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தாள்.

வாக்கெடுப்புக்கு ஒரு கட்டளை உண்டு. எனக்கு வாக்களி என்று ஒருவரையும் கேட்கக் கூடாது, ஆள் திரட்டக் கூடாது. நாலில் மூன்று பங்கு ஆதரவு வர வேண்டும். உலாமிலா வீட்டுக்கு வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் மனாசாவின் வாய்க்குப் பூட்டு ஏது? யங்கோனா என்கிற வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்த இடத்தில் இலியேசாவிடம் சொல்லிவிட்டான்.

இலியேசா அதே கப்பல் கம்பெனியில் பட்டறை மெக்கானிக். இவனும் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவன்தான், ரக்பி ஆட்டக்காரர்களைப் பற்றி மட்டும், எழுத்துப் பிழையோடு. அதைவிட முக்கியம், அவன் இவளுக்குத் தௌவு. அவன் ஊர் ரேவா ஆற்றுமுகத்தில், இவள் ஊர் தீவில். இரண்டு ஊருக்கும் மூதாதைத் தெய்வம் ஒன்று. தௌவு என்றால் கேலிமுறை. திட்டலாம், சட்டியில் இருப்பதைக் கேட்காமல் எடுத்துத் தின்னலாம், சாவு வீட்டில்கூடக் கிண்டல் பண்ணலாம், கோபப்படுகிற உரிமை எதிராளிக்குக் கிடையாது. இவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவன் மதியச் சோற்றை அவன் எதிரிலேயே தின்றிருக்கிறாள். புதுக் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் மாமியாருக்குக் கொடுத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்ட தௌவுக்கு ஒரு பெரிய நாள் வரும்போது ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால், கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனதற்குச் சமம்.

ஆகவே இலியேசா வாக்களித்தான்.

"எதிர்க்கிறேன். இவளோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவன் நான், எனக்குத் தெரியும், இவள் திருடி. என் குடையை எடுத்தாள். என் சோற்றை என் கண் முன்னால் தின்றாள். இவள் ஊரில் அத்தனை பேரும் இதே ரகம். சாவியைக் கொடுத்தீர்களானால் கலைக்களஞ்சியத்தையே தூக்கிக்கொண்டு போய் மாமியார் வீட்டில் வைத்துவிடுவாள்."

ஜன்னலுக்குப் பின்னால் இதைப் படித்தபோது உலாமிலா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் பயந்து பின்வாங்கினார். நெஞ்சு நிறைந்துபோயிற்று அவளுக்கு. உலகம் முழுக்க யார் யாரோ "தகுதியானவர்", "நிதானமானவர்" என்று எழுதியிருந்த நடுவே தன் மனுஷன் ஒருவன் வந்து நின்ற மாதிரி இருந்தது.

கப்பல் கிளம்பிய பிறகு மறுபடி பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. "உடன் வேலை செய்கிறவர் சொல்கிறார், இதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது" என்று எழுதி ஒருவர் எதிர்த்திருந்தார். ஆதரவு கொடுத்த இருவர் அதைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். கடைசியில் ஒரு கேள்வி: "மேற்படி நபரின் குடையை எடுத்தீர்களா? ஆம் அல்லது இல்லை என்று பதில் தரவும்."

எடுத்தது எடுத்ததுதானே. "ஆம். எங்கள் வழக்கத்தில் அது விளையாட்டு" என்று எழுதினாள். உடனே ஒருவர் கேட்டார்: ஆதாரம்? தௌவு என்ற பக்கம் கலைக்களஞ்சியத்தில் இருந்தது, மொத்தம் நாலு வரி. நாலையும் எழுதியவள் உலாமிலா. எத்தனை பேரை "ஆதாரம் தேவை" என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாள்! அன்று அந்த வாசலில் அவளே நின்றாள்.

பட்டறைக்கு ஓடினாள். இலியேசா கிரீஸ் கையோடு நிமிர்ந்தான்.

"டேய் நண்டு மூஞ்சி, என்னடா பண்ணி வச்சிருக்க? அங்க எல்லாரும் நிஜம்னு நம்பிட்டாங்கடா."

"எதை நம்பினாங்க?"

"நான் திருடின்னு."

"அது நிஜம்தானே?" என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கிப் படித்தான். "இரு, இரு. நானே சொல்லிடறேன். விளையாட்டுக்கு எழுதினேன்னு போட்டுட்டாப் போச்சு."

போட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. "மிரட்டப்பட்டாரா?" என்று ஒரு கோஷ்டி கேட்டது. "அப்படியானால் வேண்டுமென்றே ஒரு பெண்ணின் மீது பழி சுமத்தியிருக்கிறார், ஒரு ஊரையே இழிவுபடுத்தியிருக்கிறார்" என்றது இன்னொரு கோஷ்டி. இரண்டாவது கோஷ்டிதான் ஜெயித்தது. யாரோ ஒரு நிர்வாகி இலியேசாவை நிரந்தரமாகத் தடை செய்தார். அவன் பேர் பக்கத்தில் "சக பணியாளரைத் தொல்லை செய்பவர்" என்று காரணம் ஏறியது. அவன் வேலை செய்கிற கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று ஒரு அம்மாள் யோசனை சொன்னாள். நல்ல யோசனை என்று மூன்று பேர் ஆமோதித்தார்கள். ஊர் பேர் தெரியாத மனுஷர்களுக்குத்தான் எவ்வளவு நியாய உணர்ச்சி!

அதோடு காற்றும் திசை மாறியது. ஐயோ பாவம் என்று ஆதரவு மளமளவென்று வந்து குவிந்தது. ஹெஸ்டர் கூப்பிட்டாள், குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"கரை ஏறிட்டோம், உலா. இன்னும் ஒரே நாள். நீ ஒண்ணும் எழுதாதே. ஒரு வார்த்தை கூட வேண்டாம்."

"இலியேசா?"

"அது அப்புறம் பாத்துக்கலாம். முடிஞ்ச பிறகு நான் பேசி எடுத்துவிடறேன்."

"அதுக்குள்ள ஆபீசுக்கு எழுதிட்டா?"

"எழுத மாட்டாங்க. சும்மா பேசுவாங்க. புயலை நினைச்சுக்கோ" என்றாள்.

நினைத்தாள். அடுத்த புயல் வரும், அடுத்த படுபாவியும் வருவான், இவள் கையில் சாவி இருக்க வேண்டும். சும்மா இருந்தால் போதும், தானாக வந்து விழும். துறைமுகக் கேட்டுக்கும் ஜன்னலுக்குமாக மழையில் நடந்தாள். சும்மா இருப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை அவளுக்கு.

மத்தியானம் இலியேசா ஜன்னலுக்கு வந்தான். சட்டை மாற்றி, தலை வாரி, கையைக் கட்டிக்கொண்டு, பாதிரியாரிடம் வந்தவன் மாதிரி நின்றான்.

"மன்னிச்சுக்குங்க" என்றான். "உங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னு நினைக்கல. நீங்க அதுல ஒண்ணும் எழுத வேண்டாம். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல. நீங்க ஜெயிக்கணும்."

நீங்க! பிறந்ததிலிருந்து எந்தத் தௌவும் அவளை நீங்க என்று சொன்னதில்லை. முகத்தில் தண்ணீரை வீசி அடித்திருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது. ஏதாவது வசவு வாயில் வருமா என்று தேடினாள், வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அவன் போனதும் ஜன்னலை மூடினாள், கைப்பேசியை எடுத்தாள். விளக்கம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அது தெரிந்துவிட்டது. தௌவுக்கு ஒரே பதில் தௌவு பேச்சுதான். எழுதினாள்:

"இலியேசா சொன்னது அத்தனையும் உண்மை. குடையை எடுத்தேன், அது அவனைப் போலவே அசிங்கமாக இருந்தது, ஊருக்கு நல்லது செய்தேன். சோற்றைத் தின்றேன், அவன் சமைத்ததைத் தின்றதற்கு எனக்குத்தான் பதக்கம் தர வேண்டும். அவன் ஊரார் ஆற்றுச் சேற்றில் நண்டுக்குப் பயந்து ஓடுகிறவர்கள். அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அவன் எழுதிய ரக்பிப் பக்கங்களே சாட்சி. அவன் என்னைத் திட்டினால் நான் அவனுக்கு வேண்டியவள் என்று அர்த்தம். அவனைத் தொல்லை செய்பவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய், அதற்கு ஆதாரம் இல்லை. தடையை எடுங்கள். என்னைப் பார்த்துப் பாவப்பட்டு வாக்களித்தவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

அனுப்பினாள். ஹெஸ்டர் கூப்பிட்டாள், இவள் எடுக்கவில்லை.

வாக்குகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சொன்னபடி, தாராளமாக. சிலர் ரசித்தார்கள், சாமோவாவிலிருந்து ஒருவன் "இப்போதுதான் உண்மையான ஆள் தெரிகிறாள்" என்று ஆதரவு போட்டான். ஆனால் "வாக்கெடுப்பின் நடுவே ஒரு பயனரை அசிங்கம் என்று எழுதுகிறவருக்கு நிதானம் போதாது" என்றவர்கள்தான் அதிகம். இலியேசாவின் தடையை ஹெஸ்டரே எடுத்தாள், காரணத்தையும் திருத்தி எழுதினாள்.

மறுநாள் கப்பல் நாள். பாய், பானை, பனிப்பெட்டி, கட்டின கோழி என்று வரிசை கேட்டைத் தாண்டி நின்றபோது முடிவு வந்தது. போதிய ஆதரவு இல்லை, முன்மொழிவு நிறைவேறவில்லை. பார்த்துவிட்டுக் கைப்பேசியை மேஜைக்குள் போட்டாள். தெரிந்ததுதான், இருந்தாலும் அம்மா முகம் வந்தது, கூரை போன ஊர் வந்தது. சீட்டைக் கிழித்தாள், பேரைக் கேட்டாள், கேட்ட பேரையே மறுபடி கேட்டாள்.

வரிசையை விலக்கிக்கொண்டு இலியேசா வந்தான். அவன் வருவதைப் பார்த்ததுமே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை அவன் நீங்க என்று சொன்னால் தாங்க மாட்டாள்.

அவன் ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. உலகம் பூரா கூடி, ஒரு வாரம் யோசிச்சு, இந்தப் பொம்பள நமக்கு வேண்டவே வேண்டாம்னு ஓட்டுப் போட்டு விரட்டிடுச்சு. எங்கயும் வேலை கிடைக்காமதான் இங்க சீட்டுக் கிழிக்குது. மிச்சக் காச எண்ணி வாங்குங்க." பிறகு அவள் பக்கம் குனிந்தான். "உன் மூஞ்சிக்குச் சாவி ஒரு கேடாடீ?"

வரிசை திடுக்கிட்டு நின்றது. உலாமிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரமாக மார்பில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது.

"போய்க் கடைசியில நில்லுடா, நண்டு" என்றாள். அடுத்த ஆளின் பேரைக் கேட்டாள். ஒரே தடவை கேட்டாள்.