காரவள்ளிப் பாதையில் பதினொரு கற்கள்

ஆமாம், அறுபது கெஜம்தான் மிச்சம் இருந்தது. சேலத்தில் அன்று பார்த்தவர்கள் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். அவ்வளவு தூரம் ஓடியவளுக்கு அந்த அறுபது கெஜம் முடியவில்லையா? முடியவில்லை. எல்லைக் கயிறு தெரிந்தது. அதைப் பிடித்திருந்தவரின் மீசைகூடத் தெரிந்தது. பிறகு வாயில் மண்.

பெண்களுக்கு அரை மைல் ஓட்டம் என்பது இந்த வருஷம் சோதனைக்காக வைத்தது. நூறு கெஜமும் இருநூற்றிருபதும் போதாதா என்பது கமிட்டிக்காரர்களின் எண்ணம். நான்கு பேர் ஓடினோம். ஒருத்தி பாதியில் நின்றுவிட்டாள். நான் விழுந்தேன். மேடையிலிருந்த டாக்டர், பெண் உடம்பு இதற்கு ஏற்றதல்ல என்று எழுதிக் கொடுத்தார். என்னைத் தூக்கி நிறுத்துவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டாராம். பதினான்கு நாள் கழித்துத் திருச்சியில் இன்னொரு முறை ஓட வேண்டும். அங்கும் ஒருத்தி விழுந்தால் அரை மைலை எடுத்துவிடுவார்கள். எங்கள் கல்லூரியின் தேகப்பயிற்சி ஆசிரியை, நாங்கள் மிஸ் என்று கூப்பிடுபவர், என் முழங்காலில் டிஞ்சர் தடவிக்கொண்டே சொன்னார்: "ஜெயிக்க வேண்டாம். நின்றபடி முடி."

யுத்த காலம். கல்லூரி இருக்கும் சென்னைக்குப் போய்த் திரும்ப ரயிலில் இடம் கிடைக்காது. அண்ணன் கொல்லிமலையில், குண்டனி நாட்டில், சர்வே வேலையாக ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தான். இடது கெண்டைக்கால் கட்டையாக இறுகிக் கிடந்தது. மலைக்குப் போனேன். அந்த வழியே போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நேரமும் தூரமும் குறித்து வைத்திருக்கிறேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல். கரி பஸ். காலை ஏழுக்குப் புறப்பட வேண்டியது ஏழே முக்காலுக்குப் புறப்பட்டது. பின்னால் அடுப்பு மாதிரி ஒன்று எரிகிறது, அந்தப் புகையில் ஓடுகிறது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். ராசிபுரத்துக்கு முன் ஒரு மேட்டில் நானும் இறங்கி நடந்தேன். நொண்டிக்கொண்டே பஸ்ஸை முந்தினேன். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. நாமக்கல்லில் வேறு பஸ் பிடித்து ஏழு மைல் தள்ளிச் சேந்தமங்கலம் சேரும்போது பிற்பகல் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு அணா. தபாலாபீசில் கொயினா மாத்திரைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். மலைக்காய்ச்சலைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையிலும் ஒருவர் இறந்தார்.

அன்றிரவு அண்ணனுக்குத் தெரிந்த மிளகு வியாபாரி கரீம் பாய் வீட்டில், அவர் மனைவியோடு தங்கினேன். மறுநாள் புதன், காரவள்ளியில் சந்தை. காலை ஐந்துக்கு அவர் வண்டியிலேயே புறப்பட்டேன். ஒன்பது மைல், மூன்றரை மணி நேரம். காலை நீட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கரீம் பாய் கேட்டார்.

"ஏனுங்கம்மா, காலுக்கு என்னாச்சுங்க?"

"ஓட்டப் பந்தயத்தில் விழுந்துவிட்டேன்."

"ஓட்டமா? பொம்பளைப் பிள்ளைங்களுக்கா?" கொஞ்ச தூரம் மாட்டை மட்டும் அதட்டிக்கொண்டு வந்தார். "மேல கரடி இருக்குதுங்க. அது வந்தா பயிற்சி நல்லா நடக்கும்."

காரவள்ளியோடு வண்டித் தடம் முடிகிறது. அதற்கு மேல் நடந்து ஏறும் பாதைதான். அண்ணன் சங்கிலி பிடித்து அளந்த கணக்கில், மேலே அவன் தங்கிய வீடு வரை ஐந்தே முக்கால் மைல். முதல் நான்கு மைல் நெட்டுக்குத்து. சந்தை முடிந்து மலைப் பெண்கள் பகல் ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். ஏழெட்டுப் பேர். தலையில் உப்பு, கருவாடு, துணி. அவர்களோடு போகும்படி கரீம் பாய் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு தோல் பையும் குடையும் மட்டும்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் அரை மணியில் அவர்களை முந்திவிட்டேன். கெண்டைக்கால் சூடேறி இளகிவிட்டது போல் ஒரு உணர்வு. பாதையோரம் அங்கங்கே சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, தோள் உயரத்தில் குறுக்கே ஒரு பலகைக் கல். பிறர் கை உதவி இல்லாமல் தலைச்சுமையை அதன்மேல் நகர்த்தி வைக்கலாம், அப்படியே மறுபடி தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் ஒவ்வொரு கல்லிலும் நின்றார்கள். நான் ஒன்றிலும் நிற்கவில்லை. கீழே திரும்பிப் பார்த்தபோது அவர்கள் சிறிதாகத் தெரிந்தார்கள். பட்டதாரியாகப் போகிறவள். அரை மைல்காரி.

நான்காவது கல்லுக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் கால் நின்றுவிட்டது. பாறையில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசிக்கொண்டே வந்து என்னைக் கடந்தார்கள். மூச்சு வாங்காமல் பேசினார்கள், அதுதான் உறுத்தியது. கடைசியாக வந்தவள் என் வயதுக்காரி. தலையில் உப்பு மூட்டை.

"ஏனுங்க அம்மிணி, ஆரு தொரத்துனாங்க?"

"யாரும் இல்லை."

"அப்பறம் எதுக்குங்க அந்தப் பறப்புப் பறந்தீங்க?"

முன்னால் போனவர்கள் சிரித்தார்கள். மூட்டை அசையாமல் சிரிக்க அவர்களுக்குத் தெரியும். அவள் பெயர் வெள்ளையம்மா. அண்ணனுக்கு அடுத்த வீடு. மாலை ஐந்தரைக்கு வீட்டு வாசலில் என் பையை இறக்கி வைத்தவளும் அவள்தான். ஏழாவது கல்லிலேயே அதை என்னிடமிருந்து வாங்கி உப்பு மூட்டைமேல் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஆறு நாள். அவற்றைப் பற்றி அதிகம் இல்லை. காலையில் பனி, பத்து மணிக்கு மேல்தான் எதிர் மேடு தெரியும். சாமைச் சோறு. விளக்கெண்ணெய் காய்ச்சிக் கெண்டைக்காலில் தேய்ப்பது. வெந்நீர். முதல் இரண்டு நாள் வரப்பில் நடை மட்டும். மூன்றாம் நாள் நூறு அடி ஓடிப் பார்த்தேன், வலித்தது. நான்காம் நாள் வலிக்கவில்லை. ஐந்தாம் நாள் மேட்டு நிலத்தைச் சுற்றி மூன்று முறை. மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஏணியில் நின்றபடி பார்த்தார்கள். "காணாமப் போன ஆட்டைத் தேடுதுங்களா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. இளைப்பாறுவது எனக்கு வராத வித்தை. புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஒரே பக்கத்தை ஆறு நாளும் படித்தேன். அந்தப் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் எல்லைக் கயிறு.

அண்ணன் ஒரு முறை கேட்டான். "மறுபடி விழுந்தால்?"

"அரை மைல் போய்விடும். எனக்கு மட்டும் இல்லை. எல்லோருக்கும்."

அவன் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே போனான்.

அடுத்த புதன் இறங்கும் நாள். சனிக்கிழமை திருச்சி. காலை நான்கரைக்கு வெள்ளையம்மா கதவைத் தட்டினாள். விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்பினோம், அவளும் நானும் இன்னும் மூன்று பெண்களும். அவள் தலையில் இரண்டு வாழைத்தார். காரவள்ளிச் சந்தையில் ஒரே ஒரு புளியமரம். முதலில் போய்ச் சேரும் கூட்டத்துக்கு அதன் நிழல். மற்றவர்கள் வெயிலில். வெயிலில் பழத்தின் தோல் கறுத்துவிட்டால் வியாபாரிகள் தொட மாட்டார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வேறொரு நாட்டுப் பெண்களும் அதே பாதையில் இறங்குகிறார்கள். போன வாரம் நிழலைப் பிடித்தவர்கள் அவர்கள். மூன்று வாரமாக அவர்கள்தான்.

"இன்னிக்கு நம்முளுதுதானுங்க" என்றாள்.

நானும் ஒரு தார் கேட்டேன். சிரித்தார்கள். கேலிக்காகத்தான் ஒரு சிறிய தாரைச் சும்மாடு வைத்து என் தலையில் ஏற்றினார்கள். சுமையோடு ஓட முடியாது. முதுகு தானாக நிமிர்கிறது. கால் தானாக அளவெடுத்து வைக்கிறது. முதல் கல்லில் எனக்குக் களைப்பே இல்லை. இருந்தாலும் இறக்கினார்கள். வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம். பிறகு மறுபடி. இரண்டாவது கல்லிலும் அப்படியே. அந்த மற்றக் கூட்டத்தின் பேச்சு மேலே வளைவில் கேட்டது.

மூன்றாவது கல். நான் சொன்னேன்: "எனக்குக் களைப்பில்லை. நிற்க வேண்டாம். அவர்கள் நெருங்குகிறார்கள்."

வெள்ளையம்மா என்னைப் பார்த்தாள். "களைக்காதப்பவே எறக்கோணுமுங்க. களைச்ச பொறவு எறக்கினா மறுக்கா ஏத்த முடியாது."

"எனக்கு முடியும்."

மற்ற மூவரும் கல்லில் நின்றார்கள். அவள் மட்டும் என் பேச்சைக் கேட்டு என்னோடு வந்தாள். நிழல் மேல் அவளுக்கும் ஆசை. ஒன்றரைப் பர்லாங்கு போயிருப்போம். செங்குத்தான படிப்பாறை. இரண்டு தொடையும் நடுங்கத் தொடங்கின. ஏறும்போது வராத நடுக்கம், சேலத்துக் கடைசி அறுபது கெஜத்தில் வந்த அதே நடுக்கம். அங்கே கல் இல்லை. தார் சாய்ந்தது. அதைப் பிடிக்க அவள் தன் சுமையைத் தரையில் இறக்க வேண்டியதாயிற்று. தரையிலிருந்து இரண்டு தாரைத் தலைக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். என் கைகள் உதவவில்லை. பின்னால் விட்டு வந்த மூவருக்காகக் காத்திருந்தோம். அவர்களுக்கு முன்பே மற்றக் கூட்டம் வந்தது.

"என்ன வெள்ளையம்மா, நடுவழியில கடை போட்டுட்டியா?"

"போங்கடி."

ஒன்பதுக்குக் காரவள்ளி சேர்ந்தோம். புளியமரத்தடி நிரம்பியிருந்தது. வெள்ளையம்மா வெயிலில் தாரை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களுக்கு அது வெளையாட்டுங்க" என்றாள். அவ்வளவுதான்.

என்னிடம் இருந்தது குடை ஒன்று. விரித்தேன். வாழைத்தார்களுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். வேடிக்கை பார்க்கச் சந்தையில் பாதி கூடியது. என் தலை காய்ந்தது. கை வலித்தபோது கை மாற்றினேன். வலிப்பதற்கு முன்பே மாற்றினால் இன்னும் அதிக நேரம் பிடிக்க முடிகிறது என்பது பத்தரை மணிக்குத் தெரிந்தது. இரண்டு மணி நேரமும் சில நிமிஷமும் நின்றேன். உட்காரவில்லை.

பதினொன்று பத்துக்குக் கரீம் பாய் மிளகையெல்லாம் எடைபோட்டு முடித்துவிட்டு வந்தார். "வாழைத்தாருக்குக் குடை புடிக்கற காலேஜ் அம்மாவை இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்." தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு ஒன்றும் இல்லை. புளியமரத்தடித் தாருக்குக் கொடுத்த விலையையே கொடுத்தார்.

வெள்ளையம்மா காசை முடிந்துகொண்டு என் பக்கம் திரும்பினாள். "எப்பங்க அந்த ஓட்டம்?"

"சனிக்கிழமை."

"அங்க கல்லு நட்டிருக்காங்களா?"

"இல்லை."

"அப்ப நீங்களா நட்டுக்கோங்க சாமி." சிரித்துவிட்டாள்.

சேந்தமங்கலம், நாமக்கல், அங்கிருந்து பஸ்ஸில் திருச்சி. வியாழன் இரவு மிஸ்ஸோடு சேர்ந்துகொண்டேன். வெள்ளி முழுவதும் படுத்திருந்தேன். இந்த முறை இளைப்பாற வந்தது.

சனிக்கிழமை மாலை நாலே கால். நானூற்று நாற்பது கெஜ வட்டம், இரண்டு சுற்று. ஐந்து பேர். நூற்றுப்பத்து கெஜத்துக்கு ஒன்றாக மனசில் கல் நட்டுக்கொண்டேன். இரண்டு சுற்றுக்கும் எட்டு. ஒவ்வொன்று வந்ததும் நான்கு அடிக்குத் தோளைத் தொங்கவிட்டு, விரலை விரித்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டேன். களைப்பே இல்லாத முதல் கல்லிலும். இரண்டாவதிலும். மூன்றாவதில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசி ஆளாக ஓடுவது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மேடையில் யாரோ என் கல்லூரியின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். நான்காவதிலும் இறக்கினேன்.

ஆறாவது கல்லில் ஒருத்தியைத் தாண்டினேன். ஏழாவதற்குப் பிறகு இன்னொருத்தியை. அறுபது கெஜம் இருக்கும்போது தொடை நடுங்குகிறதா என்று கவனித்தேன். இல்லை. கயிற்றைத் தாண்டி மூன்றாவதாக வந்தேன். நின்றேன். மற்ற நால்வரும் நின்றார்கள். கடைசியாக வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாராவது தூக்க வந்தால் அடிப்பேன் என்பது போல் நின்றாள். சேலத்து டாக்டரே அங்கும் இருந்தார். என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவர் எழுதி முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தேன். வேண்டுமென்றேதான்.

அடுத்த வருஷமும் அரை மைல் உண்டு என்று இரவு மிஸ் வந்து சொன்னார். மூன்றாம் இடத்துக்கு மெடல் கிடையாது. என்னிடம் இருப்பது அந்த வாக்கியம். இதுவரை வாங்கிய நூறு கெஜத்துக் கோப்பைகள் எல்லாவற்றையும்விட அது கனமாக இருக்கிறது. அதில் என் பங்கு எவ்வளவு, வெள்ளையம்மாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரியவில்லை. பெருமை மட்டும் குறையவில்லை.

போகிறவர்களுக்கு. தை, மாசியில் போங்கள், பிறகு காய்ச்சல் காலம். ஏறுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கொயினா சாப்பிடத் தொடங்குங்கள். கம்பளி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கான்வாஸ் ஷூ ஏற உதவும். இறங்கும்போது பாறையில் வழுக்குகிறது, வெறுங்காலே நல்லது. புதன்கிழமை ஏறினால் துணை கிடைக்கும். ஏற நான்கரை மணி, இறங்க மூன்றரை. பாதையில் பதினொரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. தலையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பதினொன்றிலும் நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சிக் கடைவீதியில் பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கினேன். மறுநாள் தபாலாபீஸ் திறந்ததும், கரீம் பாய் கடை விலாசம் எழுதி, வெள்ளையம்மாவுக்கு என்று குறித்துப் பார்சல் அனுப்பினேன்.