நடந்தவர்கள் வரிசை

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு விரிப்பு. உட்கார ஸ்டூல் கூடக் கிடையாது. பத்தொன்பது வருடம் நின்றதில் அம்மாவின் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகச் சுருண்டு கிடக்கும்.

இந்தக் காலை நம்பித்தான் அவள் வேண்டிக்கொண்டாள். நான் கடைசி வருடப் பரீட்சையில் பாஸானால் மலைமேல் இருக்கும் தலத்துக்கு நடந்தே வருகிறேன் என்று. முந்நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது நான், நடக்கப் போவது அம்மாவா என்று எனக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. கேட்டால், "நீ படிக்கிறப்போ நான் என்ன சும்மாவா இருந்தேன்?" என்பாள்.

பாஸாகி இரண்டு வருடம் ஓடிவிட்டது. எனக்கு வேலை கிடைக்கவில்லை, அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சலவைக்கூடத்து சூப்பர்வைசர் எப்போதும் விறைப்பாக நிற்பார். அதனால் அங்கே அவருக்குக் கஞ்சி என்று பெயர். அந்தக் கஞ்சி ஒருவழியாக ஏழு நாள் கொடுத்தார். எட்டாம் நாள் காலை ஷிஃப்டுக்கு வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும் என்றும் சொல்லி அனுப்பினார். முழுதும் நடக்கப் பதினைந்து நாள் வேண்டும். பஸ்ஸும் ரயிலும் பிடித்தால்தான் உண்டு.

செய்தி பெரியம்மா காதுக்குப் போயிற்று. அம்மாவின் அக்கா. சொந்தத் தையல் கடை, நினைத்தால் பூட்டிக்கொண்டு கிளம்பலாம். தெருக்காரர்களோடு வருடா வருடம் முழுதும் நடப்பவள்.

"பஸ்ல போறதுக்குப் பேரு டூருடி. கூலிங் கிளாஸ் ஒண்ணு வாங்கிக்க" என்றாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். மேலே இரண்டு வரிசை இருக்கிறதாம். நடந்து வந்தவர்களுக்கு ஒன்று, வண்டியில் வந்தவர்களுக்கு ஒன்று. நடந்தவர்கள் உள்ளே கிட்டப் போய்க் கும்பிடலாம். மற்றவர்கள் கம்பிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

பெரியம்மா போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள்: "நான் நடந்தவங்க வரிசைலதான் நிக்கணும். பொய்யும் சொல்லக் கூடாது. அதுக்கு ஏத்த மாதிரி ஒரு வழி போட்டுக் குடு. இத்தனை படிச்சிருக்கியே."

ரயில் அட்டவணை, பஸ் நேரம், வரைபடம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்து நோட்டில் ஒரு வழி போட்டேன். நிழல் இல்லாத வெட்டவெளி, லாரி ஓடும் நெடுஞ்சாலை எல்லாம் பஸ்ஸில். ஆற்றங்கரையும் மரம் அடர்ந்த சாலையும் நடை. எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு அப்படியே தலைகீழாக மாற்றச் சொன்னாள். ஆற்றங்கரையைப் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொள்ளலாமாம். "வேர்க்காம நடந்தா அது வாக்கிங். அது எங்க கஞ்சி கூடத்தான் தினம் போறாரு."

பெரியம்மாவின் குழு கிளம்பி ஒன்பது நாள் கழித்து நாங்கள் வீட்டு வாசலிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். ஆறாம் நாள் மேலே சேர வேண்டும், ஏழாம் நாள் ரயிலில் திரும்ப வேண்டும். முதல் நாள் இருபத்தொரு கிலோமீட்டர். இரண்டாம் நாள் எனக்குக் குதிகாலில் கொப்புளம். அம்மா நின்று பழகியவள், நடப்பது அவளுக்கு ஓய்வு போல இருந்தது. "இங்க தரை நகருதுடி, அங்க அதே தரை" என்றாள்.

மூன்றாம் நாள் காலை ரயிலில் கோட்டை விட்டேன். எழுப்ப வேண்டியது என் பொறுப்பு. கண்ணைத் திறந்தபோது இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டிருந்தது. அடுத்ததில் இறங்கினோம். இடையில் பதினான்கு கிலோமீட்டர், நடப்பதற்கென்று அம்மா தானே குறித்த வெட்டவெளி. திரும்பிப் போக மத்தியானம் வரை ரயில் இல்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பட்டம் வாங்கியவளுக்கு ஒரு ஸ்டேஷனில் இறங்கத் தெரியவில்லை.

அம்மா செருப்பு வாரை இறுக்கினாள். "விரிப்பை எந்த முனையிலேர்ந்து மடிச்சா என்ன? நாலு முனையும் சேரணும், அவ்வளவுதான். எந்திரி. பின்னால நடந்து போவோம், அங்கேர்ந்து மத்தியானம் ரயிலேறி இங்கயே வருவோம்."

அப்படித்தான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தோம். எதிரே வந்தவர்கள் எல்லாம் தரிசனம் முடிந்து திரும்புகிறோம் என்று நினைத்து எங்களைப் பொறாமையாகப் பார்த்தார்கள். மேலே கூட்டம் எப்படி என்று கேட்டார்கள். ஸ்டேஷனை விட்டுவிட்ட கதையை அம்மா பத்து பேருக்குச் சொன்னாள், பதினோராவது ஆளிடம் என்னைக் கை காட்டிவிட்டாள். எதிரே வந்த ஒரு பால் வண்டி எங்கள் மேல் தூசியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

பாதி தூரத்தில் எங்கள் தெருக்காரர்களே எதிரே வந்தார்கள். பெரியம்மாவை மட்டும் காணோம்.

மளிகைக்கடைக்காரர் வீட்டம்மா சிரித்தாள். "உங்க அக்கா அரை மணி முன்னாடியே வேகமா முன்னால போயிட்டாங்களே. எதிர்ல பாக்கலையா?"

இருப்பது ஒரே ரோடு. ஒன்றரை மணி நேரமாக அதில்தான் வருகிறோம். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பாத்தோம், பாத்தோம். அவ கால் வேகம் எனக்கு எங்க வரும்" என்றாள்.

அவர்கள் கடந்து போன பிறகு கேட்டேன், பொய் சொல்லக் கூடாது என்றாயே என்று. அம்மா திரும்பாமலே சொன்னாள்: "அது என் வரிசைக்கு. இது அவ வரிசை."

அதற்குப் பிறகு நோட்டில் போட்டது ஒன்றும் பிசகவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் கடைசி மலைப்பாதையையும் ஏறி முடித்தோம். எங்கள் தெருக்குழு எங்களுக்குச் சற்று முன்னால் நின்றது. இரண்டு வரிசையும் பிரியும் இடத்தில் விசில் மாட்டிய ஒரு தொண்டர். ஒவ்வொருவரிடமும் பழக்கத்தில் "நடந்துதானே?" என்பார், அவர்கள் தலையாட்டுவார்கள், அவர் கை காட்டுவார். அம்மாவும் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"பாதி கூட இல்ல தம்பி" என்றாள். "நூத்தி இருபத்திரெண்டு நடந்தேன். மிச்சம் பஸ்ஸு, ரெயிலு." ஊக்கு குத்தி வைத்திருந்த டிக்கெட் கட்டை எடுத்து நீட்டினாள். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அவர் வண்டியில் வந்தவர்கள் வரிசையைக் காட்டினார். அம்மா நகரவில்லை.

"லீவு ஏழு நாள் தம்பி. அதுல இந்தக் கால் எவ்வளவு போகுமோ அவ்வளவும் போயிருக்கு. குறையுதுன்னு தோணிச்சுன்னா சொல்லுங்க, கீழ போய் இன்னொரு தடவை ஏறி வரேன்."

அவர் அம்மாவின் காலைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், யாரையாவது கேட்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார். வரிசை நின்றுவிட்டது. அப்போது முன்னால் நின்ற பெரியம்மா திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் எட்டு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"விடுப்பா. பால் வண்டில பதினோரு கிலோமீட்டர் வந்தவ நானே இந்த வரிசைலதான் நிக்கிறேன். அவ டிக்கெட்டாவது எடுத்திருக்கா."

மளிகைக்கடைக்காரர் வீட்டம்மா வாயில் கை வைத்தாள். யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு தொண்டரே சிரித்துவிட்டார். டிக்கெட் கட்டைத் திருப்பிக் கொடுத்து, நடந்தவர்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"பதினொண்ணுதானாக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"வாயை மூடிட்டு முன்னால வாடி" என்று பெரியம்மா தன் இடத்துக்கு முன்னால் அவளை இழுத்து நிறுத்தினாள்.

உள்ளே அம்மா என்ன சொல்லிக் கும்பிட்டாள் என்று தெரியாது. எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. அவள் குதிகால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் திரும்பும் ரயிலில் அந்தக் கால்கள் பெரியம்மாவின் மடியில் கிடந்தன. பெரியம்மா தைலம் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான் ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு வந்தேன், கண்ணை மூடவில்லை.

எட்டாம் நாள் காலை, ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அம்மா கார்டு அடித்தாள். கஞ்சி கடிகாரத்தைப் பார்த்தாராம், அம்மாவின் காலைப் பார்த்தாராம். பிறகு எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து மடிப்பு மேஜை பக்கத்தில் விட்டுவிட்டுப் போனாராம்.

"உக்காந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"எங்கடி, விரிப்பு வந்துட்டே இருக்கே" என்றாள். "ஆனா ஸ்டூலு அங்கயேதான் இருக்கு."